கைமாறிய கதைகள் – கரிசல் மண்ணின் வாசக மரபு

திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய இரு அதிகாரங்களை அடுத்து வருவது 42ஆம் அதிகாரமாகிய கேள்வி. நூலைக் கல்லாதவனும் கற்றவரிடம் கேட்டுப் பயன்பெற வேண்டும் என்பது அவ்வதிகாரம் வலியுறுத்தும் கருத்துகளுள் ஒன்று. எழுத்தறிவு சிலருக்கே வாய்த்த காலத்திலும் நூலின் பயன் பலருக்கும் சென்று சேர்வதற்கான வழி இதுவே என்பதைத் தமிழ் மரபு உணர்ந்திருந்தது. புதினமும் சிறுகதையும் தமிழுக்கு வந்த பின்னரும் இவ்வழி தூர்ந்துவிடவில்லை. "இப்போது என்ன படிக்கிறீர்கள்? அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள்?" என்று நண்பர்கள் ஒருவரையொருவர் வினவிக்கொண்ட இரண்டு வினாக்களின் வழியே அது தொடர்ந்தது. இலக்கிய வரலாறுகள் எழுத்தாளர்களையும் இதழ்களையும் பட்டியலிடுகின்றன. ஒரு கதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு எவ்வாறு சென்றது என்பதை அவை பெரும்பாலும் விரித்துரைப்பதில்லை. மானாவாரிப் பூமியாகிய கரிசல் வட்டாரத்தின் இலக்கிய வளத்தை அறிய வேண்டுமாயின் அந்தக் கைமாற்றத்தின் வரலாற்றையே முதலில் நோக்க வேண்டும்.

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் ஆகிய ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. எட்டயபுரம் பாரதி பிறந்த ஊர். காரியாபட்டி வட்டத்தைச் சேர்ந்த மல்லாங்கிணறு எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் பிறந்த ஊர். எட்டயபுரத்திற்கு மேற்கே கோவில்பட்டியும், அதனை அடுத்து இடைசெவலும் உள்ளன. ஆற்றுப் பாசனமோ பெரிய அச்சகமோ பதிப்பகமோ இல்லாத சிற்றூர்கள் நிறைந்த இந்நிலப்பரப்பு தமிழ்ப் புனைகதைக்கு அளித்த கொடை வியப்புக்குரியது.

கேட்டலும் வாசித்தலும்

தமிழில் புதினம் தோன்றிய காலத்தில் அது தனித்திருந்து மௌனமாகப் படிக்கப்படும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. பி.ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வெளிவந்தது. தொடர்கதை என்னும் வடிவமே காத்திருத்தலை வாசகனுக்குப் பழக்கியது. வந்த பகுதியைப் பற்றிப் பேசுவதும் வரவிருக்கும் பகுதியை ஊகிப்பதும் வாசிப்பின் கூறுகளாயின. ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்கும் வழக்கமும், அது மெல்ல மெல்ல மௌன வாசிப்பாக மாறிய வரலாறும் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' என்னும் ஆய்வு நூலில் விளக்கம் பெற்றுள்ளன.

இவ்வகையில் வை.மு. கோதைநாயகி அம்மாளின் வாழ்வு தனிச்சிறப்புடையது. தோழியரிடமும் குழந்தைகளிடமும் கதை சொல்லி மகிழ்ந்த அவர், எழுதும் பயிற்சி போதாமையால், தம் முதல் படைப்பாகிய இந்திரமோகனா நாடகத்தைத் தாம் சொல்லத் தோழி ஒருவர் எழுத உருவாக்கினார். 1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கிப் பல்லாயிரம் பெண்களை வாசகராக்கினார். நட்பு வட்டத்தில் வாய்மொழியாய்ப் பிறந்த கதை அச்சேறி மீண்டும் நட்பு வட்டங்களுக்கே திரும்பிச் சென்றது என்பது இதனால் பெறப்படும்.

கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது இவ்வழக்கம் உச்சநிலை எய்தியது. வாரந்தோறும் வந்த பக்கங்களைத் தனியே எடுத்துச் சேர்த்துக் கட்டடம் செய்து, உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் இரவல் தருவது தமிழ்க் குடும்பங்களின் வழக்கமாயிற்று. அந்தக் கட்டட நூல்களை அக்காலத்து நடமாடும் நூலகங்கள் எனலாம். 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் தமிழகத்தில் கிளை நூலகங்கள் பரவ வழிவகுத்தது. எனினும் நூலகத்தின் அடுக்கில் எந்த நூலை முதலில் எடுப்பது என்பதை வாசகனுக்குச் சொன்னது பெரும்பாலும் ஒரு நண்பனின் நாவே ஆகும்.

இடைசெவல் இருவர்

கரிசல் வட்டாரத்தில் இந்நட்பின் தலையாய சான்று கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஆவர். இருவரும் இடைசெவலில் ஒன்றாய் வளர்ந்தவர்கள். அழகிரிசாமி பள்ளியிறுதி வகுப்பு வரை பயின்றவர். கி.ரா. அந்த அளவும் பள்ளியில் நிலைக்காதவர். ஆயினும் அவர்களுக்கு வாய்த்த கல்வி ஒன்றே. ஒருவர் படித்ததை மற்றவர் படித்தார். ஒருவர் கேட்ட இசையை மற்றவரும் கேட்டார். மணிக்கொடி எழுத்தாளர்களையும் ரஷ்யச் சிறுகதையாசிரியர்களையும் அவர்கள் கூடிப் படித்து, கூடிப் பேசித் தேர்ந்தனர்.

இவ்விருவருக்கும் முன்மாதிரி அருகிலேயே இருந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டி, கம்பன் கவிதையை அன்பர்கள் கூடியிருந்து சுவைக்கும் அவையாக விளங்கியது. வீட்டின் முற்ற அமைப்பே அவ்வவையின் பெயராயிற்று. அங்கு நூலாராய்ச்சியைக் காட்டிலும் சுவைத்தலுக்கும், சுவைத்ததைப் பிறருக்குச் சொல்லுதலுக்கும் முதலிடம் தரப்பட்டது. பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்தபோது இடைசெவல் நண்பர்கள் அவரைக் கண்டு பழகினர். கவிதைக்கு வட்டத்தொட்டி செய்ததைப் புனைகதைக்கு இடைசெவல் நட்பு செய்தது என்று கூறின் மிகையாகாது.

அழகிரிசாமி சென்னைக்குச் சென்று சக்தி முதலிய இதழ்களில் பணியாற்றினார். 1950களில் மலேயா சென்று தமிழ் நேசனில் பணிபுரிந்து, கோலாலம்பூரிலும் இளம் எழுத்தாளர்களை ஊக்குவித்தார். ஊர் பிரிந்தபின் நட்பைக் காத்தவை கடிதங்கள். அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்தன. இரு நண்பர்களும் தாம் படித்தவற்றையும் கேட்டவற்றையும் பகிர்ந்து கொண்ட வரலாறு அக்கடிதங்களில் பதிவாகியுள்ளது. அழகிரிசாமியின் அன்பளிப்பு தொகுப்புக்கு, அவர் மறைந்த 1970ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது. கி.ரா.வின் கோபல்லபுரத்து மக்கள் 1991இல் அவ்விருதைப் பெற்றது. ஒரே சிற்றூரின் இரு நண்பர்கள் இப்பெருமையை எய்தியதற்கு மண்ணின் வளத்தைக் காரணம் காட்டுவோர் உளர். கூட்டு வாசிப்பின் வளத்தையும் அதனோடு சேர்த்தெண்ணுதல் தகும்.

முதுகுச் சுமையும் மாதக் கூட்டமும்

கதைப் பகிர்வைத் தொண்டாகவே மேற்கொண்டோர் பிற இடங்களிலும் இருந்தனர். 1959 சனவரியில் எழுத்து இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று மாணவர்களிடையே விற்றார். நூல் வாசகனைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் கொள்கையை அவர் தம் உடலுழைப்பால் மெய்ப்பித்தார். 1970இல் சென்னையில் தோன்றிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, மாதந்தோறும் இதழ்களில் வெளிவரும் சிறுகதைகளுள் ஒன்றைத் தேர்ந்து, அவ்வாறு தேர்ந்த பன்னிரண்டனுள் ஆண்டின் சிறந்த கதையைத் தெரிவு செய்யும் முறையை வகுத்தது. அம்மாதம் வந்த கதைகளை ஒருவர் முழுமையாகப் படித்து அவையில் உரைக்க வேண்டும் என்னும் அந்த ஏற்பாடு, வாசிப்பையே ஒரு பொறுப்பாக உயர்த்தியது.

மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகம் முதலியவை வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகளை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மிகக் குறைந்த விலையில் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்தது. தாஸ்தாயெவ்ஸ்கியின் வெண்ணிற இரவுகளும், சிங்கிஸ் ஐத்மாத்தவின் அன்னை வயல், ஜமீலா, முதல் ஆசிரியர் ஆகியவையும் அவ்வழியே தமிழ் வாசகரின் உடைமையாயின. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்நூல்களின் வரத்து நின்றது. பலர் கைபட்டு அட்டை கிழிந்த பழைய பிரதிகளை நண்பர்கள் தேடிப் பெற்றுப் படிக்கும் நிலை அதன்பின் உண்டாயிற்று.

கவிஞரின் நகைக்கடை

1970களுக்குப் பிந்தைய கோவில்பட்டியில் இம்மரபு புதுப்பொலிவு பெற்றது. பூமணி, சோ. தர்மன், ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி முதலியோர் அவ்வட்டாரத்திலிருந்து எழுந்தனர். கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடிப் பேசும் இடமாகத் திகழ்ந்தது. கவிதையையே தம் துறையாகக் கொண்ட ஒருவரின் கடையில் உலகப் புனைகதைகள் அலசப்பட்டன என்பது கவிஞர்கள் கருதத்தக்க செய்தியாகும். உரைநடைக் கதைஞர்கள் சொல்லின் நுண்மையை அங்குக் கற்றனர். கவிதை பயில்வோர் வாழ்வின் விரிவைக் கற்றனர். கோணங்கி கோவில்பட்டியிலிருந்து நடத்திய கல்குதிரை, தாஸ்தாயெவ்ஸ்கிக்கும் மார்க்வெஸுக்கும் சிறப்பிதழ்கள் கொணர்ந்து, அந்நட்புரையாடலைத் தமிழ்கூறு நல்லுலகுக்குப் பொதுவாக்கியது. சிவகங்கையில் கவிஞர் மீரா நிறுவிய அன்னம் பதிப்பகமும் கரிசல் எழுத்துகளை அச்சேற்றிப் பரப்பியது.

மல்லாங்கிணற்றிலிருந்து புறப்பட்ட எஸ். ராமகிருஷ்ணனும் இவ்வட்டத்தோடு உறவு கொண்டவரே. அவர் ஆனந்த விகடனில் எழுதிய கதாவிலாசம் தொடர், தமிழ்ச் சிறுகதையாசிரியர்களை ஒவ்வொருவராக எடுத்து, வாழ்வனுபவம் ஒன்றோடு அவர்தம் கதையை இணைத்து அறிமுகப்படுத்தியது. நண்பர் கூட்டத்தில் நிகழ்ந்த பகிர்வு வெகுசன வார இதழின் வாசகர் அனைவருக்கும் உரியதாயிற்று. கரிசல் நாதசுரக் கலைஞரின் வாழ்வைப் பேசும் அவரது சஞ்சாரம் 2018இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதற்கு முன்னர் பூமணியின் அஞ்ஞாடி 2014இலும், பின்னர் சோ. தர்மனின் சூல் 2019இலும் அவ்விருதைப் பெற்றன.

வாசலுக்கு வெளியே

இத்துணைச் சிறப்புக்கு நடுவே வரலாறு மறைக்கலாகாத குறை ஒன்றும் உண்டு. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரால் சிவகாசியில் தொழில் வளர்ந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் செழித்தன. நாடெங்கும் செல்லும் நாட்காட்டிகளும் குறிப்பேடுகளும் அச்சாகும் அதே நிலப்பரப்பில், தீப்பெட்டி ஆலைகளுக்குச் சென்ற சிறுவர் சிறுமியர் எழுத்தை அறியாமலே வளர்ந்தனர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறாரை முன்னிட்டுத் தொடரப்பட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூமணி இயக்கிய கருவேலம்பூக்கள் திரைப்படம் அச்சிறாரின் வாழ்வையே பொருளாகக் கொண்டது. கரிசல் எழுத்தாளர்கள் அவர்களைப் பற்றி எழுதினர். ஆனால் எழுதப்பட்ட கதை, யாரைப் பற்றியதோ அவரைச் சென்றடைந்ததா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

இவ்வினாவுக்கு வேறு நாடுகளில் விடை கண்டோர் உளர். கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டு ஆலைகளில் 1865 முதல், தொழிலாளர் சுருட்டுச் சுற்றுகையில் ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நாளிதழும் புதினமும் உரக்க வாசிக்கும் வழக்கம் ஏற்பட்டது. வாசிப்பவரின் ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து அளித்தனர். எந்தப் புதினத்தை அடுத்து வாசிப்பது என்பதையும் அவர்களே தீர்மானித்தனர். மாண்டி கிறிஸ்டோ என்னும் சுருட்டின் பெயர் அவர்கள் விரும்பிக் கேட்ட அலெக்ஸாந்தர் தூமாவின் புதினத்திலிருந்து வந்ததாகும். கேரளத்தில் கண்ணூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1969இல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவு நிறுவனத்திலும் தொழிலாளர் வேலை செய்துகொண்டே நாளிதழும் நூலும் வாசிக்கக் கேட்டனர். கைகள் உழைக்கையில் செவிகள் ஓய்ந்திருக்கும் தொழில்களே இவை. தீப்பெட்டி ஒட்டுவதும் அத்தகையதே. தமிழகத்தில் 1990களின் தொடக்கத்தில் மாவட்டந்தோறும் பரவிய அறிவொளி இயக்கம், புதிதாய் எழுத்தறிந்தோருக்குச் சிறு கதை நூல்களைத் தந்து கூட்டாக வாசிக்கச் செய்தது. நெல்லை மாவட்டத்தில் அப்பணியில் முன்னின்றோருள் ச. தமிழ்ச்செல்வனும் ஒருவர். கேள்வி அதிகாரத்தின் கருத்து அங்கே மீண்டும் உயிர் பெற்றது எனலாம்.

வட்டத்தின் கடமை

அழகிரிசாமியின் அன்பளிப்பு என்னும் சிறுகதை நூல் பகிர்வோர் யாவரும் நெஞ்சில் இருத்தத்தக்கது. புத்தகங்களைக் கொண்டுவந்து குழந்தைகளுக்குத் தரும் அன்பான மனிதர் ஒருவரின் கதை அது. அவருடைய அன்பில் ஐயமில்லை. எனினும் சாரங்கன் என்னும் சிறுவன் அவர் பார்வையிலிருந்து தவறிவிடுகிறான். பிறருக்குக் கிடைத்த அன்பளிப்புத் தனக்குக் கிடைக்காத அச்சிறுவன், தானே ஒன்றைக் கொண்டுவந்து, அது தனக்கு அளிக்கப்பட்டது என அவர் கையால் எழுதித் தருமாறு வேண்டி நிற்கிறான். வட்டம் என்று ஒன்று அமைந்தால் அதற்கு வெளியே ஒருவர் நிற்பார் என்பதைக் கரிசல் மண்ணின் கலைஞர் இத்துணை மென்மையாக உணர்த்தியுள்ளார்.

2022இல் விருதுநகரில் புத்தகத் திருவிழா நடைபெற்றது. 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. காரியாபட்டியில் பேருந்து ஏறுவோருக்கு அந்நூலகம் தொலைவன்று. நூலின் அருமை குறைந்து, நூல்களின் பெருக்கமே வாசகனைத் திகைக்கச் செய்யும் காலம் இது. இந்நிலையில் படித்த கதையைச் சொல்லவும், படிக்கவிருக்கும் நூலைக் கூறி உடன்வர அழைக்கவும் வல்ல நண்பர் வட்டங்களின் தேவை பெருகியே உள்ளது. பத்தாண்டு நிறைவு காணும் எந்த இலக்கிய அமைப்பும் தன் கூட்டங்களின் எண்ணிக்கையோடு, தன்னிடமிருந்து எத்தனைக் கதைகள் வாசலைக் கடந்து சென்றன என்பதையும் கணக்கிடுதல் வேண்டும். சென்ற கதைகளைப் பெற்றுக்கொண்டோருள் தீப்பெட்டி ஒட்டும் தாயொருத்தியும், நூலகம் சென்றறியாத சிறுவன் ஒருவனும் இருப்பாராயின், இடைசெவல் நண்பர் இருவரும் வளர்த்த மரபு தடையின்றித் தொடர்கிறது என்று கொள்ளலாம்.