ஐசோனியாசிட் மருந்தும் கல்லீரல் நொதியும்: சென்னை ஆய்வுகளின் வரலாறு

காசநோய்க்குத் தரப்படும் முதன்மை மருந்துகளுள் ஒன்று ஐசோனியாசிட். இது 1952இல் பயன்பாட்டுக்கு வந்தது. உடலுக்குள் சென்ற இம்மருந்தைச் செயலிழக்கச் செய்வது கல்லீரலில் உள்ள என்-அசிட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸ்-2 என்னும் நொதி. இந்நொதி எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆய்வகத்தில் எதிர்ப்பொருள் கொண்டு இந்நொதி அடையாளம் காணப்படுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதன் விளைவுகளைச் சென்னை ஆய்வாளர்கள் நோயாளிகளிடம் அளந்து காட்டினர்.

தாம்பரமும் சேத்துப்பட்டும்

மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு ஓய்வு, நல்ல காற்று, சத்தான உணவு ஆகியவையே சிகிச்சை. அதற்காகவே 1928இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். பின்னர் அது அரசு மருத்துவமனையாயிற்று. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது.

ஆனால் நோயாளிகள் எல்லாருக்கும் சானடோரியத்தில் படுக்கை கிடைக்கவில்லை. மருந்தை வீட்டிலிருந்தே உட்கொண்டால் போதுமா என்று அறிய, 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் இணைந்தன. வீட்டுச் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையான பலனைத் தரும் என்று 1959இல் வெளியான முடிவுகள் காட்டின. இம்மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

வேகமானவர்களும் மெதுவானவர்களும்

சிலர் உடலில் ஐசோனியாசிட் விரைவாகச் செயலிழக்கிறது. ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். மற்றவர்களிடம் அதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். இது பரம்பரைப் பண்பு.

சென்னை மையம் தென்னிந்திய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1961இல் வெளியானது. நோயாளிக்கு மருந்தை ஊசி வழியே செலுத்தி, பின்னர் இரத்தம் எடுத்தனர். அந்த இரத்தநீர் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, மீதமுள்ள மருந்தைக் கணக்கிட்டனர். நோயை உண்டாக்கும் கிருமியே இங்கு அளவுகோலாயிற்று. நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவானவர்கள் என்று தெரிந்தது.

ஒரே மருந்து, இருவேறு விளைவு

இந்த வேறுபாட்டால் இருசாராருக்கும் இருவேறு சிக்கல்கள் வந்தன. மெதுவானவர்களின் உடலில் மருந்து நெடுநேரம் தங்குவதால், அளவு கூடும்போது கைகால் மரத்துப்போதல், எரிச்சல் போன்ற நரம்புப் பாதிப்புகள் அவர்களுக்கே அதிகம் வந்தன. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, இதைத் தடுக்கப் போதுமானது என்று சென்னை ஆய்வு காட்டியது.

வேகமானவர்களின் சிக்கல் வேறு. மருத்துவமனைக்கு அடிக்கடி வர இயலாதவர்களுக்காக, ஸ்ட்ரெப்டோமைசினையும் ஐசோனியாசிடையும் இடைவெளி விட்டுத் தரும் முறைகளைச் சென்னை மையம் சோதித்தது. வாரம் இருமுறை தந்தபோது நல்ல பலன் கிடைத்தது. வாரம் ஒருமுறை தந்தபோதோ, வேகமானவர்கள் மற்றவர்களைப் போல் குணமடையவில்லை. நோயாளியின் வசதிக்காக மருந்து நாள்களைக் குறைக்கலாம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை வகுத்ததில் கல்லீரல் நொதிக்கும் பங்கு இருந்தது.

நொதியைக் காட்டிய எதிர்ப்பொருள்

மெதுவானவர்களின் நொதி வேலை செய்யாமல் இருக்கிறதா, அல்லது நொதியே குறைவாக இருக்கிறதா? இரத்தத்தில் மருந்தை அளந்து மட்டும் இதற்கு விடை காண முடியாது. அதற்கு ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் தேவைப்பட்டது.

ஒரு புரதத்தை முயல் போன்ற விலங்கின் உடலில் செலுத்தினால், அதனோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் அதன் இரத்தத்தில் உருவாகும். கல்லீரல் திசுச் சாற்றில் உள்ள புரதங்களை மின்புலத்தால் பிரித்து, ஒரு மெல்லிய படலத்துக்கு மாற்றி, அதன்மேல் எதிர்ப்பொருளை இடுவர். நொதி இருக்கும் இடத்தில் ஒரு பட்டை தெரியும். நொதி குறைந்தால் பட்டை மங்கும்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் கல்லீரல் மாதிரிகளைச் சோதித்து 1990இல் விடை கண்டனர். மெதுவானவர்களின் கல்லீரலில் அந்த நொதி குறைவாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை. அடுத்த ஆண்டிலேயே இதற்குக் காரணமான மரபணு மாற்றங்களும் கண்டறியப்பட்டன. இம்மரபணு 8ஆம் குரோமோசோமில் உள்ளது.

இன்றைய நிலை

கல்லீரல் திசுவை எடுக்காமலேயே, சிறிது இரத்தத்தில் உள்ள டி.என்.ஏ.வைக் கொண்டு ஒருவர் எந்த வகையினர் என்று இன்று அறியலாம். எனினும் இந்தியாவில் காசநோய் மருந்தின் அளவு பொதுவாக நோயாளியின் எடையைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. தினமும் பல மருந்துகள் சேர்த்துத் தரப்படுவதால் வேகமானவர்களுக்கும், வைட்டமின் பி6 தரப்படுவதால் மெதுவானவர்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. ஒரே எடையுள்ள இருவருக்கு ஒரே மாத்திரை ஒரே அளவில் வேலை செய்யாது என்பதே சென்னை ஆய்வுகள் விட்டுச்சென்ற பாடம்.