வில்வண்டியும் கார்தான் மூட்டும்

வில்வண்டியில் ஏறிப் போனவர்கள் நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். நெல்மூட்டை ஏற்றுகிற கட்டைவண்டி வேறு. கூண்டு கட்டி, மெத்தை போட்டு, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகிற வில்வண்டி வேறு. இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்துக் கட்டிய அந்த வில்தான் வித்தியாசம். இங்கிலாந்தில் ஒபதயா எலியட் என்பவர் 1804இல் குதிரை வண்டிக்கு இப்படி ஒரு வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று லாரிக்கும் பிக்கப் வண்டிக்கும் அடியில் 'பட்டை' என்ற பெயரில் இருப்பதும் அதேதான்.

வில்வண்டியில் ஒரு சௌகரியம் உண்டு. வில்லை உயர்த்திக் கட்டினாலும் தாழ்த்திக் கட்டினாலும் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. மாடு முன்னால் இழுக்கிறது, சக்கரம் பின்னால் உருண்டு வருகிறது, அவ்வளவுதான். மோட்டார் வண்டியில் பின்சக்கரமே தள்ள வேண்டும். இஞ்சினும் கியர்பாக்ஸும் சட்டத்தில் அசையாமல் நிற்கின்றன. பின் அச்சோ பட்டையின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. நிற்கிற ஒன்றிலிருந்து ஆடுகிற ஒன்றுக்குச் சுழற்சியை எப்படிக் கொண்டு போவது?

இதை இப்போது எழுதக் காரணம், நம் பக்கத்தில் பிக்கப் வண்டிகளின் பின்பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுகிற பழக்கம். இளவட்டங்கள் அழகுக்காகச் செய்கிறார்கள். வேறு சிலருக்கு நியாயமான காரணம் இருக்கிறது. களக்காட்டிலும் சேரன்மகாதேவியிலும் வாழைத்தார் ஏற்றுகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தளம் நாலு அங்குலம் தாழ்ந்தால் ஒரு நாளில் எத்தனை தோள் பிழைக்கும் என்று. ஆனால் தாழ்த்திய வண்டி ஐம்பது அறுபது வேகத்தில் அடியிலிருந்து 'கும்' என்று நடுங்க ஆரம்பிக்கிறது. டயரை மாற்றுகிறார்கள், சக்கரத்தைச் சமன் செய்கிறார்கள், நடுக்கம் போவதில்லை. இதற்கான விடை முந்நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இந்தத் தண்டுக்கு 'ஆர்ப்ர் த கார்தான்' என்று பெயர். 'ஆர்ப்ர்' என்றால் மரம் என்றும் பொருள், சுழலும் தண்டு என்றும் பொருள். வண்டிக்கு அடியில் ஒரு மரம் படுத்திருக்கிறது என்று எங்கள் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கார்தான் என்பது கார்தானோ என்ற இத்தாலியர். பதினாறாம் நூற்றாண்டு வைத்தியர், கணித மேதை. வளையத்துக்குள் வளையம் கோத்து, எப்படி ஆட்டினாலும் உள்ளே இருப்பது சாயாமல் நிற்கும் அமைப்பைத் தம் நூலில் வர்ணித்தார். தாமே கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சுழற்சியைக் கோணம் திருப்பிக் கடத்த இந்த மூட்டைப் பயன்படுத்தலாம் என்று 1676இல் எழுதியவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். பள்ளிக்கூடத்தில் நாம் நெட்டுருப் போட்ட ஹூக் விதியின் ஹூக்தான். பாரத்துக்குத் தக்கபடி வில் இறங்கும் என்ற அந்த விதியை அவர் வெளியிட்டது 1678இல். ஆக, பட்டையின் கணக்கும் ஜாயிண்டின் கணக்கும் ஒரே மனிதரின் மேஜையிலிருந்து வந்தவை. இந்தப் பொருத்தம் எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

இந்த மூட்டுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு உண்டு. நேராக இருந்தால் ஒழுங்காகச் சுற்றும். வளைந்தால், இந்தப் பக்கம் ஒரே சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். பத்து டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஒன்றரை. இருபது டிகிரியில் நூற்றுக்கு ஆறு. கோணம் இரட்டித்தால் கோளாறு நான்கு மடங்கு. சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர், கிரௌன் பல் விகிதம் நாலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் தண்டு நிமிஷத்துக்கு 1,800 சுற்றுக்கு மேல் சுற்றும். உதறல் விநாடிக்கு அறுபது தடவை. அந்தக் 'கும்' சத்தம் இதுதான்.

மருந்தையும் ஹூக்கே 1683இல் சொல்லிவிட்டார். தண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மூட்டு வை. முதல் மூட்டு செய்கிற பிழையை இரண்டாவது மூட்டு அப்படியே திருப்பிச் செய்து கழித்துவிடும். இதற்கு இரண்டு நிபந்தனைகள். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு மூட்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். அதாவது கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டும், பின் அச்சுக்குள் போகும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இணையாக இருந்தால் உயரம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய பாதகமில்லை.

மோட்டாருக்கு இதைக் கொண்டு வந்ததில் பிரான்சுக்குப் பெரிய பங்கு. அந்நாளைய கார்கள் பல சங்கிலியால் ஓடின. பாரிஸில் இருபத்தொரு வயது லூயி ரெனோ சங்கிலியை எடுத்துவிட்டுக் கார்தான் தண்டு போட்டு ஒரு சின்ன வண்டி செய்தார். 1898 டிசம்பர் 24 அன்று மோன்மார்த்ர் மேட்டில் லெப்பிக் தெருவின் ஏற்றத்தில் அதை ஓட்டிக் காட்டி, அன்றைக்கே பன்னிரண்டு பேரிடம் ஆர்டர் வாங்கினார். அமெரிக்காவில் கார்னெல் மாணவர் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் தம் ஜாயிண்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

பிறகு வந்தது 'ஹாச்கிஸ் டிரைவ்'. ஹாச்கிஸ் என்பது பாரிஸுக்குப் பக்கத்தில் சேன்-தெனியில் இருந்த பீரங்கிக் கம்பெனி. 1903 முதல் காரும் செய்தது. போர்டு மாடல்-டி போன்ற வண்டிகளில் தண்டைக் குழாய்க்குள் அடைத்து, அச்சு முறுக்கிக்கொள்ளாமல் அந்தக் குழாயே தாங்கும். ஹாச்கிஸ் முறையில் குழாய் இல்லை. தண்டு திறந்தபடி, முனைக்கு ஒரு ஜாயிண்டோடு ஓடும். அச்சைப் பிடித்து நிறுத்துவதும், வண்டியைத் தள்ளுவதும், முறுக்கைத் தாங்குவதும் எல்லாம் பட்டையின் தலையில். மலிவு, உறுதி. உலகத்து லாரிகளெல்லாம் அதையே எடுத்துக்கொண்டன. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய பஸ் தொழில் முதல், மகிந்திரா 1947இல் பம்பாயில் பூட்ட ஆரம்பித்த வில்லிஸ் ஜீப்வரை, நம் ரோடுகளில் ஓடியதெல்லாம் பட்டை வண்டிகள்தான். மாஞ்சோலை மலைப்பாதையில் ஏறிய ஜீப்புக்கும் அதே ஏற்பாடு. இதில் ஒரு வேடிக்கை, ஹாச்கிஸ் கம்பெனியே பிற்காலத்தில் பிரெஞ்சு ராணுவத்துக்கு உரிமம் வாங்கி வில்லிஸ் ஜீப் செய்தது.

பட்டையே எல்லாப் பொறுப்பையும் சுமப்பதால், பட்டையில் கை வைத்தால் தண்டிலும் கை வைத்ததாக ஆகிறது. தாழ்த்துகிறவர்கள் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை கொடுக்கிறார்கள். அல்லது அச்சுக்கு மேலிருக்கும் பட்டையை அச்சுக்குக் கீழே மாற்றுகிறார்கள். அல்லது ஷாக்கிளை மாற்றுகிறார்கள். எப்படிச் செய்தாலும் அச்சின் மூக்கு, அதாவது பினியன், ஒன்றிரண்டு டிகிரி மேலேயோ கீழேயோ திரும்பிவிட வாய்ப்பு அதிகம். இணை போயிற்று, கழிக்க வேண்டிய பிழை கழியவில்லை. பாரம் அதிகம் ஏற்றக் கூடுதல் பட்டை வைத்து உயர்த்துகிறவர்களுக்கும் இதே கதைதான். இரண்டு துண்டுத் தண்டு உள்ள வண்டிகளில் இன்னொரு சிக்கல். நடுப் பேரிங் சட்டத்தில் அசையாமல் நிற்க, பின் துண்டு மட்டும் கோணம் மாறும். பேரிங்கை வாஷர் கொடுத்து இறக்கியோ ஏற்றியோ சரிப்படுத்த வேண்டும்.

அலட்சியம் செய்தால் ஊசிப் பேரிங் தேயும், சிலுவை முறியும். முன்பக்கத்து ஜாயிண்ட் விட்டுப்போய்த் தண்டு ரோட்டில் குத்தினால், ஓடுகிற வண்டியே எம்பிவிடும். பழைய லாரிகளில் தண்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் பார்த்திருப்பீர்கள். அது விழாமல் பிடிக்கத்தான்.

சர்க்கார் காகிதத்திலேயே காலம் கழித்தவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. எனவே தாழ்த்தும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நம்மூரில் பட்டை கட்டுகிற மேஸ்திரி ஒருவர், தண்டைக் கழற்றுமுன் சறுக்கு மூட்டின் இரண்டு பாதியிலும் உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். "ஒரு பல்லு மாறி மாட்டுனாலும் உதறும் அண்ணாச்சி" என்றார். ஹூக்கின் முதல் நிபந்தனைதான் அது. இரண்டாவது நிபந்தனைக்கு அவர் வைத்திருப்பது ஒரு தூக்குக்குண்டும் சில இரும்பு ஆப்புகளும். வண்டியைச் சமதளத்தில் வழக்கமான பாரத்தோடு நிறுத்தி, இரண்டு பக்கத்துக் கோணத்தையும் அளக்கிறார். இழுக்கும்போது மூக்கு கொஞ்சம் தூக்கும் என்பதால், நிற்கையில் அதை ஒரு டிகிரி தாழ்வாகவே விடுகிறார். மூக்கைத் தாழ்த்த, பட்டை அச்சுக்கு மேலே இருந்தால் ஆப்பின் தடித்த முனை முன்பக்கம் வர வேண்டும். பட்டையைக் கீழே மாற்றிய வண்டியில் அதே தடித்த முனை பின்பக்கம். அப்புறம்தான் யூ-போல்ட்டை முடுக்குகிறார்.