எசெக்ஸின் எஃப் 1

1903-ல் பிரிட்டன் மோட்டார் கார் சட்டம் கொண்டுவந்தது. 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம்பர் இல்லாமல் கார் ரோட்டில் இறங்கக் கூடாது. பதிவுக் கட்டணம் ஒரு பவுண்டு. மக்கள்தொகை அதிகமுள்ள பகுதிகள் எழுத்துகளை வரிசையாக வாங்கிக்கொண்டன: லண்டனுக்கு ஏ, லங்காஷயருக்கு பி. ஆறாவதாக நின்ற எசெக்ஸுக்குக் கிடைத்தது எஃப். ஒரு படி கீழே இருந்திருந்தால் எச்தான். ஜி-யை ஸ்காட்லாந்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். எஃப் 1 என்ற நம்பரின் மதிப்பெல்லாம் அந்த மக்கள்தொகைக் கணக்கு போட்ட பிச்சை என்றே சொல்வேன்.

எஃப் 1 எசெக்ஸ் கவுன்சிலிடமே தங்கிவிட்டது. 1950-ல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டி தொடங்கியது. கவுன்சில் வண்டியில் கிடந்த அதே எழுத்துக்கும் எண்ணுக்கும் புது அர்த்தம் வந்தது. 1989 முதல் அரசே ஆசை நம்பர்களை விற்க ஆரம்பித்தது. அப்போதும் கவுன்சில் அசையவில்லை.

2008 ஜனவரியில் விற்றார்கள். இளம் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரப் பணம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். வாங்கியவர் கார்களை அலங்கரித்து விற்கும் தொழிலதிபர் அஃப்சல் கான். விலை 3,75,000 பவுண்டு. வரி சேர்த்து 4,40,625. பிரிட்டனில் அதுவரை எந்த நம்பரும் அந்த விலைக்குப் போனதில்லை. அதைத் தன் புகாட்டி வேரானில் மாட்டினார்.

இத்தனை கொடுத்தும் நம்பர் அவர் சொத்தாகிவிடவில்லை. நம்பர் அரசுக்குச் சொந்தம். வாங்குபவருக்கு அதைத் தன் வண்டியில் மாட்டும் உரிமை மட்டுமே. எழுத்துகளுக்கு இடையே இஷ்டப்படி இடைவெளி விட்டு வேறு மாதிரி படிக்கவைத்தால் அபராதம் வரும், நம்பரே பறிபோகவும் கூடும்.

பிற்பாடு கான் இதற்குச் சொன்ன விலை பல மில்லியன் பவுண்டு. விலை சொல்ல யாருக்கும் செலவில்லை. கைமாறிய தொகைதான் கணக்கு. 2014-ல் '25 ஓ' என்ற நம்பர் 5,18,000 பவுண்டைத் தாண்டி எஃப் 1-இன் சாதனையை முறியடித்தது. வாங்கியவர் ஃபெராரி விற்பனையாளர். ஃபெராரி 250 காரில் அது '250' என்றே தெரியும். கார் வியாபாரிக்கு இது விளம்பரச் செலவு, நியாயமும் உண்டு. மாதச் சம்பளக்காரர் இதை முதலீடு என்று நம்பினால் சிக்கல். எஃப் 1 ஒன்றுதான். மற்றபடி புதுப்புது நம்பர்களை அரசு வருடா வருடம் சந்தையில் இறக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த எஃப் 1-இலும் 65,625 பவுண்டு வாங்கிய அன்றே வரியாகப் போய்விட்டது.