ஸ்கூல்ல ஸ்டார்... காலேஜ்ல பெஞ்ச்! அமெரிக்க மகளிர் கூடைப்பந்தில் முதலாமாண்டு மாணவிகள் ஏன் காத்திருக்கிறார்கள்?

பள்ளி அணியில் ஒரு மேட்ச்சுக்கு 25 புள்ளி எடுத்த பெண். பெரிய பல்கலைக்கழகங்கள் ஸ்காலர்ஷிப்போடு போட்டி போட்டு அழைத்திருக்கும். ஆனால், நவம்பரில் கல்லூரி சீசன் தொடங்கியதும் 4 நிமிடம் ஆடிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 'இவ்ளோ திறமையான பொண்ணை ஏன் உட்கார வெச்சிருக்காங்க?' என்று அமெரிக்க ரசிகர்கள் வருஷா வருஷம் கேட்கிறார்கள். காரணம், பெரும்பாலும் அந்தப் பெண்ணின் ஷூட்டிங் திறமையில் இல்லை.

200 நிமிடக் கணக்கு

மகளிர் கல்லூரி மேட்ச் என்பது 10 நிமிடங்கள் கொண்ட 4 பகுதிகள். 40 நிமிடம், களத்தில் 5 பேர். ஆக, பயிற்சியாளர் கையில் இருப்பது மொத்தம் 200 நிமிடங்கள். அணியில் 15 பேர் வரை இருப்பார்கள். முக்கியமான மேட்ச்களில் 8 அல்லது 9 பேரைத் தாண்டி யாரும் இறங்குவதில்லை. நட்சத்திர வீராங்கனைகள் ஆளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால், மற்றவர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

சீனியர்கள் கிளம்புவதில்லை

ஆண்கள் கூடைப்பந்தில் 19 வயதாகி, பள்ளி முடித்து ஓராண்டு ஆகியிருந்தால் என்.பி.ஏ-வுக்குப் போகலாம். அதனால் சிறந்த வீரர்கள் பலர் ஒரே வருடத்தில் கல்லூரியைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மகளிருக்கான டபிள்யூ.என்.பி.ஏ-வில் நுழைய, அமெரிக்க மாணவிக்கு அந்த ஆண்டில் 22 வயது நிறைய வேண்டும் அல்லது பட்டப்படிப்பை முடித்திருக்க வேண்டும். எனவே பெரும்பாலான நட்சத்திரங்கள் 4 வருடமும் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். 18 வயதுப் பெண் மோத வேண்டியது, 4 வருடம் ஜிம்மில் உடம்பைத் தேற்றிய 22 வயது சீனியரோடு!

டிஃபென்ஸில்தான் சிக்கல்

பள்ளியில் அணியின் சிறந்த வீராங்கனைக்குத் தடுப்பாட்டத்தில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். கல்லூரியில் அது நடக்காது. எதிரணியினர் ஸ்கிரீன் போட்டு வழியை மறித்தால் ஆளை மாற்றிக்கொள்வதா, துரத்திப் போவதா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். அதை வாய்விட்டுச் சக வீராங்கனைகளுக்குச் சொல்லவும் வேண்டும். ஒருவர் ஒரு அடி தாமதித்தாலும் எதிரணிக்குச் சுலபமான 2 புள்ளி. எதிரணியின் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதையும் மேட்ச்சுக்கு முன்பே மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

ஆட்டமே வேறு மாதிரி இருக்கும். கல்லூரியில் 30 நொடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும். பள்ளிகளில் அந்தக் கடிகாரமே இல்லாத மாநிலங்கள் உண்டு. பள்ளியில் 19 அடி 9 அங்குலத்தில் இருக்கும் 3 புள்ளிக் கோடு, 2021-22 சீசன் முதல் கல்லூரியில் 22 அடிக்கும் மேல் தள்ளிப்போய்விட்டது. இதையெல்லாம் பழக, சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரப் பயிற்சிக்குத்தான் அனுமதி.

போர்ட்டல் தந்த போட்டி

முன்பெல்லாம் சீனியர் படிப்பை முடித்துப் போனால் அந்த இடம் ஜூனியருக்கு. இப்போது அப்படியில்லை. 2021 முதல் ஒரு முறையும், 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும், ஒரு வருடம் வெளியே உட்காராமல் கல்லூரி மாறலாம். காலி இடத்துக்கு வேறு கல்லூரியில் 3 வருடம் ஆடிய ரெடிமேட் வீராங்கனை வந்துவிடுகிறார். ஜூனியருக்கும் அதே கதவு திறந்திருக்கிறது. சவுத் கரோலினாவில் 2 சீசன்களும் பெரும்பாலும் பெஞ்சிலிருந்தே இறங்கிய மிலேசியா ஃபுல்வைலி, 2025-ல் எல்.எஸ்.யூ-வுக்கு மாறினார்.

முதல் வருடமே ஜொலித்தவர்கள்

விதிவிலக்குகள் உண்டு. 2020-21 சீசனில் கனெக்டிகட்டின் பெய்ஜ் பெக்கர்ஸ், ஏ.பி செய்தி நிறுவனத்தின் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதை வென்ற முதல் முதலாமாண்டு மாணவி ஆனார். 2023-24-ல் யு.எஸ்.சி-யின் ஜூஜூ வாட்கின்ஸ் 920 புள்ளிகள் குவித்து முதலாமாண்டுக்கான சாதனை படைத்தார். இவர்களை வைத்து எல்லோரையும் எடைபோடுவதுதான் பல இளம்பெண்களுக்கு மன அழுத்தமாகிறது.

பெஞ்ச் என்றால் தோல்வி இல்லை. சவுத் கரோலினாவில் 2024-25 சீசனில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறங்கிய முதலாமாண்டு மாணவி ஜாய்ஸ் எட்வர்ட்ஸ்தான், அணியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர். 2014-15-ல் அதே அணியில், அதே பயிற்சியாளர் டான் ஸ்டேலியிடம், பெஞ்சிலிருந்து இறங்கியவர் ஏஜா வில்சன். 2017-ல் அந்த அணிக்கு தேசிய சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். பிறகு டபிள்யூ.என்.பி.ஏ-வின் மிக மதிப்புமிக்க வீராங்கனை விருதை 4 முறை வென்றார்.

முதலாமாண்டு மாணவி கேட்க வேண்டியது, 'எனக்கு எத்தனை நிமிடம்?' என்பதை மட்டுமல்ல. 'அந்த நிமிடங்களைப் பெற நான் எதைச் சரிசெய்ய வேண்டும்?' என்பதையும்தான். பயிற்சியாளரிடமிருந்து அதற்குத் தெளிவான பதில் வந்தால், காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. பதிலே வரவில்லை என்றால், அப்போது போர்ட்டலைப் பற்றி யோசிக்கலாம்.