மருந்துக்கடையில் வாங்கிய வண்ணங்கள்

காவிரி டெல்டாவில் நெல் விளையும், உளுந்து விளையும், தென்னை காய்க்கும். வண்ணம் மட்டும் விளையாது. திருத்துறைப்பூண்டியில் முள்ளியாற்றங்கரையில் எங்கே தோண்டினாலும் வண்டலும் களிமண்ணும்தான் வரும். தெற்கே வேதாரண்யம் போனால் மணலும் உப்பும். பாறை கிடையாது, அரைத்தால் நிறம் தரும் கனிமம் கிடையாது. இந்த மண்ணில்தான் ஆயிரம் ஆண்டுகளாகச் சுவரிலும் துணியிலும் பலகையிலும் காகிதத்திலும் படம் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களைப் பற்றியும் எழுதச் சொன்ன அரசர்களைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. கையில் இருந்த சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதே கதை வேறு வழியாகப் போகிறது.

எதை எழுதுவது என்பதில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தேவலோகத்திலிருந்து முசுகுந்தச் சக்கரவர்த்தி ஏழு தியாகராசர்களைக் கொண்டுவந்து ஏழு ஊர்களில் வைத்தான் என்பது தலபுராணம். அந்த ஏழில் திருவாரூர், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு என்று ஐந்து திருத்துறைப்பூண்டியைச் சுற்றியே இருக்கின்றன. குரங்கு முகம் கொண்ட ராஜா, அவனிடம் உதவி கேட்கும் இந்திரன், அசல் எது போலி எது என்று கண்டுபிடிக்க வேண்டிய ஏழு சிலைகள்: ஓவியனுக்கு இதைவிடக் கதை வேண்டுமா? திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் இதை வரிசை வரிசையாக எழுதி, ஒவ்வொரு காட்சிக்கும் அடியில் தமிழில் விளக்கமும் எழுதிவைத்தார்கள். பல்லக்கு, மேளம், ஆட்டக்காரிகள், வாணவேடிக்கை என்று அந்தக் காலத்துத் திருவிழாவே அங்கே இருக்கிறது. எழுதியவர் பெயர் சிங்காதனம். தமிழ்நாட்டுச் சுவரோவியங்களில் ஓவியன் பெயர் தெரிவது அபூர்வம், இங்கே தெரிகிறது. மழைநீர் இறங்கி உரிந்துகொண்டிருந்த படங்களைப் பிரகிருதி அறக்கட்டளையும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து காப்பாற்றின. 2011-இல் வி.கே. ராஜாமணியின் புகைப்படங்களும் டேவிட் ஷுல்மனின் எழுத்தும் சேர்ந்து புத்தகமாகவும் வந்துவிட்டது.

சரக்குக்கு வருவோம்.

1931-இல் தஞ்சைப் பெரியகோயிலின் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் எஸ்.கே. கோவிந்தசாமி நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சைச் சோதித்தபோது சோழ ஓவியனின் பெட்டியில் இருந்தவை வெளிவந்தன: சுண்ணாம்பு வெள்ளை, கரி, மஞ்சள் காவி, சிவப்புக் காவி, பச்சை மண். பெரும்பாலும் மண்தான். உலகத்தின் பெரிய கோயில்களில் ஒன்றைக் கட்டிய பேரரசனால் வாங்க முடியாத வண்ணமா? காரணம் காசு அல்ல, சுண்ணாம்பு. ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் எழுதும் முறையில் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்களே நிற்கும். செடியிலிருந்து எடுத்த சாயங்கள் பெரும்பாலும் வெளுத்துவிடும். சுவர்தான் ஓவியனுக்கு நிறங்களைத் தேர்ந்து கொடுத்தது. மண் நிறங்களை வைத்துக்கொண்டே அவர்கள் சுந்தரரைக் கயிலைக்கு யானைமேல் ஏற்றினார்கள், திரிபுரம் எரித்தவனைத் தேரில் நிறுத்தினார்கள்.

காய்ந்த சுவரில் பசை சேர்த்து எழுதும்போதும், பலகையில் எழுதும்போதும் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். அப்போது ஓவியன் போன இடம் நாட்டு மருந்துக்கடை. சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், வேறொரு சிவப்புக்குச் செந்தூரம், கறுப்புக்கு விளக்குப் புகை, நீலத்துக்கு அவுரி, ஒட்டுவதற்கு வேலம்பிசின். சித்த வைத்தியர் சுத்தி செய்து பற்பமாக்கிய அதே பாஷாணங்களைத்தான் ஓவியர் கல்லில் போட்டு நாள்கணக்கில் அரைத்தார். இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே தராசில் வாங்கினார்கள். திருத்துறைப்பூண்டியின் சாமிக்குப் பிறவி மருந்தீசர் என்று பெயர். அந்த ஊரில் இப்படி ஓர் உறவு இருந்ததென்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அரிதாரமும் சாதிலிங்கமும் டெல்டாவுக்கு அன்னியச் சரக்குகள். பாதரசமும் சாதிலிங்கமும் சீனத்திலிருந்து கப்பலில் சோழமண்டலத் துறைமுகங்களுக்கு வந்தன. சாமி படத்தின் உதட்டுச் சிவப்புக்குக்கூடக் கடல் தாண்டிய விலை இருந்தது.

சுவரைவிடத் துணியின் கதை நீளமானது. கும்பகோணத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் கோடாலி கருப்பூர். தஞ்சை மராட்டிய அரண்மனைக்கு அங்கிருந்து போன சேலைகளில் பொன்னிழை நெசவும் கலம்காரிச் சாயமும் சேர்ந்திருந்தன. இப்படி ஒரு துணிக்கு வேண்டிய சரக்குகள் ஒரு சிறிய சந்தைக்கு ஆகும். முதலில் மலையிலிருந்து வந்த கடுக்காயை இடித்து எருமைப் பாலில் கலந்து, அதில் துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் காக்கும். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு அதைத் தொட்டு எழுதினால் கடுக்காயோடு சேர்ந்து கறுப்புக் கோடு விழும். சிவப்புக்கு எழுதுவது படிகாரக் கரைசலால். எழுதும்போது அது கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. பிறகு துணியை இம்பூறல் வேர் போட்ட கொப்பரையில் வேகவைக்கும்போது படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து எழும். மற்ற இடத்தில் ஒட்டிய லேசான நிறத்தை ஆட்டுப்புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து வெளுப்பார்கள். நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மீதித் துணி முழுவதையும் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். நீலத்தின்மேல் மஞ்சள் பூசினால் பச்சை.

இந்த வேரைத்தான் பார்க்க வேண்டும். சாயவேர் என்றும் சொல்லப்படும் இம்பூறல், சோழமண்டலக் கடற்கரை மணலில் தானாக முளைக்கும் சின்னஞ்சிறு செடி. செடியைப் பிடுங்கினால் மேலே ஒன்றுமில்லை. சாயம் எல்லாம் கீழே ஓடும் மெல்லிய வேரில். கிருஷ்ணா முகத்துவாரத்துச் சிப்பி மணலில் விளைந்தது உசத்தி என்று வணிகர்கள் மதித்தார்கள். கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இந்த வேரைத் தோண்டுவதற்கென்றே ஒரு குலத்தார் இருந்தார்கள். டச்சுக் கம்பெனி அங்கே சாயவேரைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டது. ஒரு களைச்செடியின் வேருக்கு ஐரோப்பியக் கம்பெனி காவல் போட்டதென்றால் அதன் பின்னால் எவ்வளவு பணம் புரண்டிருக்கும்!

அந்தப் பணத்துக்கு ஐரோப்பாவில் எதிர்ப்பும் இருந்தது. இந்தியச் சாயத்துணி தங்கள் நெசவாளர்களைக் கெடுக்கிறது என்று பிரான்சு 1686-இல் அதற்குத் தடை போட்டது. தடை 1759 வரை நீடித்தது. அந்தத் தடைக்காலத்திலேயே, 1734 வாக்கில், போலியூ என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிக் குறிப்பு எழுதினார். 1742-இல் ஏசு சபைப் பாதிரியார் கேர்தூ, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்றிருந்த சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததையெல்லாம் கடிதமாக எழுதிப் பாரிசுக்கு அனுப்பினார். கடுக்காய், எருமைப் பால், படிகாரம், வேர் எல்லாம் அதில் இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சாயக்காரன் தலைமுறையாக வாய்வழி காத்த தொழில்நுட்பம் அச்சேறியது இப்படித்தான். பாதிரியாருக்கு ஆன்ம லாபத்தோடு வேறு லாபத்திலும் கண் இருந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் தஞ்சை அரசும் முடிந்தது; கருப்பூருக்கு வாங்கும் கை போயிற்று. 1868-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபும் லீபர்மனும் சிவப்புச் சாயத்தின் மூலப்பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. தென்னார்க்காட்டு அவுரிக்கும் கடற்கரை வேருக்கும் சேர்த்து நாள் குறித்தாயிற்று. ஆனாலும் கோயில் கைவிடவில்லை. தேரில் தொங்கும் தொம்பை, சாமிக்கு மேலே கட்டும் அஸ்மானகிரி, குடைத்துணி, வாசமாலை என்று எழுதுவதற்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. கருப்பூரும் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையும் அதில் தாக்குப்பிடித்தன. மூங்கில் குச்சியும் தென்னை மட்டையுமே இன்னமும் எழுதுகோல். 2021-இல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பலகைப் படம், அதாவது இன்று தஞ்சாவூர் ஓவியம் என்று கடையில் கேட்கப்படுவது, இதற்கு நேர் எதிர்த் திசையில் வளர்ந்தது. துணிக்காரர்கள் சாயத்தைத் துணிக்குள் இறக்கினார்கள் என்றால், தெலுங்கு பேசும் ராஜு ஓவியர்கள் எல்லாவற்றையும் மேலே ஏற்றினார்கள். பலாப்பலகைமேல் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சைத் தேய்த்து வழவழப்பாக்கி, கோடு போட்டு, பொடியும் பிசினும் குழைத்த மக்கால் நகையையும் மண்டபத்தையும் புடைக்கச் செய்து, கல் பதித்து, தங்கரேக்கை அழுத்தி ஒட்டினார்கள். வண்ணம் தீட்டுவது கிட்டத்தட்டக் கடைசி வேலை. பலாவும் புளியங்கொட்டையும் உள்ளூர். பளபளப்பு முழுவதும் வெளியூர். எண்ணெய் விளக்கு மட்டும் எரியும் பூசையறைக்கு இந்தத் தங்கம் தேவைப்பட்டது. குழல்விளக்கு வெளிச்சத்தில் வரவேற்பறைச் சுவரில் பார்த்தால் அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிவதில் வியப்பில்லை.

இதே ஓவியர்களை வெள்ளைக்காரர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தஞ்சையிலும் திருச்சியிலும் ஜாதி, தொழில், தேர்த்திருவிழா என்று தொகுதி தொகுதியாகப் படம் எழுதி வாங்கி ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஐரோப்பியக் காகிதம் வந்தது, நீர்வண்ணம் வந்தது. தங்கம் போயிற்று, நிழல் வந்தது. திருச்சியில் அபிரகத் தகட்டின்மேல் எழுதினார்கள். 1798 முதல் 1832 வரை தஞ்சை மன்னராக இருந்த இரண்டாம் சரபோஜி இன்னும் ஒரு படி போனார். தன்வந்திரி மகாலுக்கு வந்த கண் நோயாளிகளின் கண்ணை அப்படியே வண்ணத்தில் எழுதி, சிகிச்சைக் குறிப்பையும் உடன் எழுதிவைக்கச் செய்தார். அந்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. வைத்தியரும் ஓவியரும் மருந்துக்கடையைத் தாண்டி ஒரே தாளில் சந்தித்துக்கொண்ட இடம் அது.

இன்று பலாப்பலகைக்குப் பதில் ஒட்டுப்பலகை, பாஷாணத்துக்குப் பதில் போஸ்டர் கலர், கற்கள் ஜெய்ப்பூரிலிருந்து. பலகை, கல், ரேக்கு, கோட்டுப்படம் எல்லாம் ஒரே பெட்டியில் வைத்து விற்கிறார்கள். விடுமுறையில் பிள்ளைகள் ஒட்டிப் பழகுகிறார்கள். 2007-08-இல் தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு காப்பது ஊரையும் முறையையும்தான். வண்ணங்கள் எங்கிருந்து வரவேண்டும் என்று அது கேட்பதில்லை. அந்தச் சரக்கு எந்தக் காலத்திலும் ஊர் பார்த்து வந்ததில்லை.

டெல்டா தானாகக் கொடுத்த அலங்காரச் சரக்கு ஒன்று உண்டு. மழைக்குப் பின் ஏரியிலும் குளத்திலும் வளரும் நெட்டி. தண்டின் தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையான, இறகுபோல எடையற்ற சோறு இருக்கும். அதை ஒரு கத்தியால் செதுக்கிப் பெரியகோயிலையே மேசைமேல் எழுப்பிவிடுகிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் போகும் அந்தக் கோயில்களைவிட இந்த நெட்டியை அதிகம் வாங்குபவர் விவசாயி. மாட்டுப் பொங்கலுக்கு முன்பு வில்லை வில்லையாக நறுக்கி, சாயத்தில் தோய்த்துக் காயவைத்துக் கோத்த நெட்டி மாலைகள் டெல்டாச் சந்தைகளுக்கு வந்துவிடும். மாட்டுக்கு ஒன்று, கன்றுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வாங்குவார்கள். இப்போது டிராக்டருக்கும் ஒன்று.