கன்னியாகுமரி: கடலும் மலையும் சேர்ந்த தொகுதியில் யார், எப்படி வெல்கிறார்?

பள்ளியில் ஐந்திணை படித்தது ஞாபகம் இருக்கா? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. இவற்றில் பாலையைத் தவிர மற்ற நான்கையும் ஒரே மாவட்டத்தில் பார்க்கலாம். அதுதான் இந்தியாவின் தென்முனையில் உள்ள கன்னியாகுமரி.

இந்த மாவட்டம் முழுவதும் இந்திய நாடாளுமன்றத்துக்கு ஒரே ஓர் உறுப்பினரைத்தான் அனுப்புகிறது. மலைக்கும் கடலுக்கும் சேர்த்து ஒரே குரல். அந்தக் குரல் யாருடையது என்பதில்தான் போட்டி.

மலையில் என்ன, கரையில் என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் ரப்பர் தோட்டங்கள், பேச்சிப்பாறை அணை, காணி பழங்குடியினரின் குடியிருப்புகள். அங்கே பேச்சு பெரும்பாலும் ரப்பர் விலை, தோட்டத் தொழிலாளர் சம்பளம், சாலை வசதி பற்றி இருக்கும். சமவெளியில் வயல், வாழை, தென்னை. கூடவே நாகர்கோவில் நகரம். கரையோரத்தில் அடுத்தடுத்து மீனவர் கிராமங்கள். அங்கே கவலை கடலரிப்பு, துறைமுகம், புயல்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்துக்கள் சுமார் 49 விழுக்காடு, கிறிஸ்துவர்கள் சுமார் 47 விழுக்காடு. தமிழ்நாட்டில் வேறெங்கும் இப்படியொரு சமநிலை கிடையாது. எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடமும் இந்த மாவட்டத்துக்குத்தான்.

ஏன் மற்ற இடங்களைப் போல இல்லை?

இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. மார்ஷல் நேசமணி போன்றவர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு இணைந்தது. அதனால் அரசியலும் தனி வழியில் போனது. மாநிலத்தின் மற்ற பகுதிகளில் திமுக, அதிமுக மோதிக்கொள்ளும்போது, இங்கே முக்கியப் போட்டி பெரும்பாலும் காங்கிரஸுக்கும் பாஜகவுக்கும்தான்.

அன்று இதன் பெயர் நாகர்கோவில் தொகுதி. நேசமணி மறைந்தபின் 1969இல் நடந்த இடைத்தேர்தலில் இங்கே வென்றவர் காமராஜர். தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, 2009 தேர்தலிலிருந்து கன்னியாகுமரி என்று பெயர் மாறியது.

எண்கள் என்ன சொல்கின்றன?

இங்கேதான் சுவாரசியம். பாஜக சார்பில் பொன். ராதாகிருஷ்ணன் பெற்ற வாக்குகளைப் பாருங்கள்:

2014: 372,906 (வெற்றி)
2019: 367,302 (தோல்வி)
2021 இடைத்தேர்தல்: 438,087 (தோல்வி)
2024: 366,341 (தோல்வி)

2014இல் வென்றபோதும் 2019இல் தோற்றபோதும் அவருக்குக் கிடைத்த வாக்குகள் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படின்னா என்ன மாறியது? எதிரே நின்றவர்கள்.

2014இல் காங்கிரஸ், திமுக, அதிமுக, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் எல்லாரும் தனித்தனியாக நின்றார்கள். வாக்கு சிதறியது. சுமார் 38 விழுக்காடு வாக்குகளே பாஜக வெல்லப் போதுமானதாக இருந்தது. சிங்கப்பூர், மலேசியாவைப் போலவே இந்தியாவிலும் பாதிக்கு மேல் வாக்கு வாங்க வேண்டியதில்லை. மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும்.

2019இல் திமுகவும் கம்யூனிஸ்ட் கட்சிகளும் காங்கிரஸோடு கைகோத்தன. காங்கிரஸ் வேட்பாளர் எச். வசந்தகுமார் 259,933 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2020இல் அவர் கோவிட்-19 தொற்றால் காலமானார். 2021 இடைத்தேர்தலில் அவருடைய மகன், நடிகர் விஜய் வசந்த் 137,950 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024இல் பாஜகவும் அதிமுகவும் பிரிந்து நின்றன. விஜய் வசந்தின் முன்னிலை 179,907ஆக உயர்ந்தது.

கூட்டணி மட்டும்தான் காரணமா?

இல்லை. கடலும் ஒரு காரணம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தாக்கியபோது, பல மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. "முன்கூட்டியே யாரும் சொல்லலையே" என்பதுதான் கரையில் எழுந்த குமுறல். குழித்துறையில் மீனவக் குடும்பங்கள் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்து போராடின.

அதற்கு முன்பே இனையத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்து வந்தார்கள். திட்டத்தை ஆதரித்துப் பேசியவர் அப்போது மத்திய இணையமைச்சராக இருந்த பொன். ராதாகிருஷ்ணன். துறைமுகம் வந்தால் வேலைவாய்ப்பும் வரும் என்பது ஆதரவாளர்களின் வாதம். கடலரிப்பு கூடும், ஊரே போய்விடும் என்பது மீனவர்களின் பயம்.

அதற்காக மாவட்டம் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2021 இடைத்தேர்தல் நடந்த அதே நாளில் சட்டமன்றத் தேர்தலும் நடந்தது. மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் கிள்ளியூர், விளவங்கோடு, குளச்சல் ஆகியவை காங்கிரஸுக்கு. பத்மநாபபுரம் திமுகவுக்கு. நாகர்கோவில் பாஜகவுக்கு. கன்னியாகுமரி அதிமுகவுக்கு. ஒரே மாவட்டம், நான்கு கட்சிகள்!

இங்கிருந்து வாக்களிக்கலாமா?

இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள், வெளிநாட்டில் வசித்தாலும் கடப்பிதழில் உள்ள முகவரியின்படி சொந்தத் தொகுதியில் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் வாக்களிக்க நேரில் போயாக வேண்டும். டிக்கெட் செலவும் விடுப்பும் கிடைத்தால்தான் அந்த ஒரு வாக்கு.

கரையில் இருப்பவருக்கு அலைத்தடுப்புச் சுவர், மலையில் இருப்பவருக்கு ரப்பர் விலை. இரண்டையும் டெல்லியில் ஒருவரே பேச வேண்டும். அடுத்த முறை கன்னியாகுமரி முடிவு வரும்போது, வென்றவரின் பெயரோடு நிறுத்தாமல், எதிரே எத்தனை பேர் பிரிந்து நின்றார்கள் என்றும் பாருங்கள்.