பிளம்பர் தொழிற்பழகுநர் பயிற்சி: சட்டம் எட்டாத இடத்தில் தொழில் கற்கும் இளைஞர்கள்

புது தில்லி: நாட்டில் பிளம்பர் எனப்படும் குழாய் பொருத்துநர் தொழில் பெரும்பாலும் மூத்த பிளம்பர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தே கற்கப்படுகிறது. இவ்வாறு கற்பவர்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தமோ, குறைந்தபட்ச உதவித்தொகையோ, பயிற்சி முடிவில் சான்றிதழோ கிடைப்பதில்லை. இவை அனைத்தையும் வழங்க வகை செய்யும் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தும், இத்தொழிலின் பெரும்பகுதி அதன் வரம்புக்கு வெளியே உள்ளது.

சட்டம் கூறுவது என்ன?

தொழிற்பழகுநர் சட்டம், 1961-இன்படி, தொழிற்பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் செய்யப்பட்டு, பதிவு செய்யப்பட வேண்டும். தொழிற்பழகுநர் ஒரு பயிற்சியாளரே தவிர, தொழிலாளர் அல்லர். ஆயினும், பயிற்சியின்போது விபத்தில் காயமடைந்தால் அவருக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு நிறுவனத்தையே சாரும். பயிற்சி பெறுவதற்கான குறைந்தபட்ச வயது 14. அபாயகரமான தொழில்களுக்கு இது 18 ஆகும்.

2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் உள்ளிட்ட மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பணியாளர்கள் வரை உள்ள நிறுவனங்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓரிரு உதவியாளர்களுடன் வீடு வீடாகச் சென்று பணியாற்றும் பிளம்பர் இவ்விரு பிரிவுகளிலும் அடங்குவதில்லை. தொழில் உண்மையில் கற்பிக்கப்படும் இடமும், சட்டம் கணக்கில் கொள்ளும் இடமும் வெவ்வேறாக இருப்பதே இப்பயிற்சி முறையின் முக்கியச் சிக்கலாகும்.

உதவித்தொகை எவ்வளவு?

2019-ஆம் ஆண்டு விதிகள் கல்வித் தகுதிக்கு ஏற்ப மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. இதனை ரூ.6,800 முதல் ரூ.12,300 வரை உயர்த்துமாறு மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் 2025-ஆம் ஆண்டு மே மாதம் பரிந்துரைத்தது.

2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய தொழிற்பழகுநர் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் ரூ.1,500 என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு மத்திய அரசு ஏற்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் இப்பங்கு தொழிற்பழகுநரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாத உதவியாளருக்கு இப்பயன் கிடைக்காது.

ஒடிசாவின் அனுபவம்

ஒடிசா மாநிலத்தின் கேந்திரபாரா மாவட்டம், குறிப்பாக பட்டாமுண்டாய் பகுதி, நாட்டின் பெருநகரங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிளம்பர்களை அனுப்பும் பகுதியாக அறியப்படுகிறது. அங்குள்ள இளைஞர்கள் உறவினர் அல்லது ஊர்க்காரர் ஒருவருடன் வெளியூர் சென்று தொழிலைக் கற்பது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். இதனைக் கருத்தில் கொண்டு பட்டாமுண்டாயில் மாநில அரசு பிளம்பிங் தொழில்நுட்ப நிறுவனத்தை அமைத்தது. கைப்பழக்கமாக வந்த திறனுக்கு முறையான கல்வியையும் சான்றிதழையும் சேர்க்க முடியும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பிளம்பர் பிரிவில் ஓராண்டுப் பயிற்சி வழங்கப்படுகிறது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களின் திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முறையும் உள்ளது. ஆனால், அது கற்ற பின்னர் வழங்கப்படும் அங்கீகாரமே அன்றி, கற்கும் காலத்துக்கான பாதுகாப்பு அல்ல.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் குரு-சீடர் மரபில் தொடரும் 18 தொழில்களுக்குப் பயிற்சியும் கருவிகளுக்கான உதவியும் வழங்குகிறது. கொத்தனார், தச்சர் ஆகியோர் இப்பட்டியலில் உள்ளனர், பிளம்பர் இடம்பெறவில்லை.

முறையான பயிற்சி ஏன் அவசியம்?

இரும்புக் குழாயில் மரை வெட்டி இணைக்கும் காலம் மாறி, பசையால் ஒட்டப்படும் சிபிவிசி குழாய்களும், வெப்பத்தால் இணைக்கப்படும் பிபிஆர் குழாய்களும் பரவலாகியுள்ளன. சூரியசக்தி நீர்சூடேற்றி, சுத்திகரிக்கப்பட்ட நீருக்கான தனிக் குழாய் ஆகியவையும் பிளம்பரின் பணியில் சேர்ந்துள்ளன. கழிவுநீர்க் குழாயின் வாட்டம் தவறினால் அடைப்பும், குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்தால் நோயும் ஏற்படும். சுவருக்குள் மறைந்துவிடும் வேலை என்பதால், பிழை பல மாதங்களுக்குப் பின்னரே வெளிப்படக்கூடும்.

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டபோது, 3.23 கோடி ஊரக வீடுகளில் மட்டுமே குழாய் இணைப்பு இருந்தது. தற்போது இந்த எண்ணிக்கை 15 கோடியைக் கடந்துள்ளது. இவற்றைப் பராமரிக்க ஒவ்வோர் ஊரிலும் பயிற்சி பெற்றவர்கள் தேவை. இதற்காக ‘நல் ஜல் மித்ரா’ என்ற திட்டத்தின்கீழ் கிராமத்தினருக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

தீர்வுக்கு உள்ள வழி

பல நிறுவனங்கள் ஒன்றிணைந்தோ, ஒரு முகமை வாயிலாகவோ தொழிற்பழகுநர் பயிற்சி அளிப்பதற்குச் சட்டம் ஏற்கெனவே இடமளிக்கிறது. சிறு ஒப்பந்ததாரர்களை இவ்வாறு ஒருங்கிணைத்தால், ஓர் இளைஞர் ஓரிடத்தில் குடிநீர் இணைப்பையும் மற்றோரிடத்தில் கழிவுநீர் அமைப்பையும் கற்க இயலும். தனியாகப் பணியாற்றும் மூத்த பிளம்பரைப் பயிற்றுநராக அங்கீகரித்து, அவர் கற்பிக்கச் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் வழங்குவதும் அவசியம். இல்லையெனில், அவரிடம் கற்பவர் வெளியிலேயே நிற்க நேரிடும்.

பயிற்சியில் சேருவோர் கவனிக்க வேண்டியவை

ஒப்பந்தம் மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவாகியுள்ளதா, உதவித்தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறதா, பயிற்சி முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டா ஆகிய மூன்றையும் சேரும்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும். பயிற்சிக்குப் பின் வேலை வழங்க வேண்டும் என்று நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனவே, வேறிடத்தில் வேலை தேடும்போது அந்தச் சான்றிதழே இளைஞருக்குத் துணை நிற்கும்.